மூன்று உருண்டை, ஆறு பேர்: சென்னையில் ஒரு சிறுதட்டு உணவகத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென்சென்னையின் குடியிருப்புத் தெரு ஒன்றில், பழைய வீட்டைப் புதுப்பித்து நடத்தப்படும் உணவகம் இது. ஐம்பது பேர் வரை உட்காரலாம். சமையலறையைப் பார்த்தபடி நீள மேடை ஒன்றும், சுவரோரம் இருவர் மேசைகளும், உள்ளறையில் ஆறு பேர் அமரும் பெரிய மேசைகளும் உள்ளன. பங்குதாரர்கள் இருவரில் ஒருவர் அடுப்பைப் பார்த்துக்கொள்கிறார். மற்றவர் கூடத்தையும் கணக்கையும் கவனிக்கிறார். நகரத்தில் ‘ஸ்மால் பிளேட்ஸ்’ என்று அறியப்படும் முறைதான் இவர்களுடையது. ஒவ்வொரு பண்டமும் சிறிய தட்டில் இரண்டு மூன்று துண்டுகளாக வரும். மேசையில் இருப்பவர்கள் பகிர்ந்து சாப்பிட வேண்டும். எது முதலில் தயாராகிறதோ அது முதலில் வந்து சேரும். முறை வெளியூரிலிருந்து வந்ததே தவிர, பண்டங்கள் நம் ஊர்ச் சரக்கு: கோலா உருண்டை, வாழைப்பூ வடை, சுறாப்புட்டு வைத்த சின்ன ஆப்பம், நண்டு மசாலா அடைத்த பன், கருணைக்கிழங்கு வறுவல்.

திறந்த சில மாதங்களிலேயே வார இறுதிகளில் இடம் கிடைக்காத கடையாகிவிட்டது. அதே வேகத்தில் வந்தவர்களின் கருத்தும் இரண்டாகப் பிரிந்தது. சென்னையில் இப்படி ஒரு சாப்பாடு சாப்பிட்டதில்லை என்று எழுதியவர்களும், பணத்தைக் கொட்டிவிட்டுப் பசியோடு வீட்டுக்குப் போனோம் என்று எழுதியவர்களும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருந்தார்கள். ‘பரவாயில்லை’ என்று நடுவில் நிற்பவர்கள் மிகக் குறைவு. உணவகங்களின் கூடமும் சமையலறையும் எப்படி ஒத்து நடக்கின்றன என்பதைப் பார்த்துச் சொல்வது என் தொழில் என்பதால், 2025-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் என்னை அழைத்தார்கள்.

நான் போவதற்கு முன்பே இரண்டு விளக்கங்கள் தயாராக இருந்தன. வருகிறவர்களுக்கு இந்த முறை பிடிபடவில்லை, அதை விளக்கிச் சொன்னால் போதும் என்பது அடுப்பைப் பார்ப்பவரின் கட்சி. தட்டு சின்னது, விலை பெரியது, ஆகவே தட்டைப் பெரிதாக்க வேண்டும் என்பது கணக்கைப் பார்ப்பவரின் கட்சி. இரண்டு விளக்கங்களும் வாடிக்கையாளர் அத்தனை பேரையும் ஒரே ஆளாக வைத்துக்கொண்டு பேசின. பாராட்டுகிறவரும் திட்டுகிறவரும் ஒரே தட்டைத்தான் சாப்பிட்டிருக்கிறார்கள் என்றால், தட்டுக்கு வெளியே ஏதோ வேறுபட்டிருக்க வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் வேலையைத் தொடங்கினேன்.

கருத்துகள் பிரிந்த கோடு

எழுதப்பட்ட கருத்துகளில் தேதியும் பண்டங்களின் பெயரும் இருந்தவற்றை மட்டும் எடுத்து, அந்தந்த இரவின் பில்களோடு ஒப்பிட்டோம். பிளவு எங்கே விழுகிறது என்பது விரைவிலேயே தெரிந்தது. இரண்டு பேராக வந்தவர்கள், குறிப்பாக மேடையில் உட்கார்ந்தவர்கள், பெரும்பாலும் மகிழ்ந்து போயிருந்தார்கள். நான்கு பேர் மேசைகளில் கலவையான பேச்சு. ஐந்து, ஆறு பேராகக் குடும்பத்தோடு வந்தவர்களிடமிருந்துதான் கசப்பான வரிகள் ஏறக்குறைய எல்லாமே வந்திருந்தன. வயது, பண்டம், வாரநாள் என்று வேறு எப்படிப் பிரித்துப் பார்த்தாலும் இவ்வளவு தெளிவான கோடு கிடைக்கவில்லை.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. அடுப்பைப் பார்ப்பவர் தொழில் பழகியது பெங்களூரில், மது பரிமாறும் இடமொன்றில். ஸ்பெயினின் தாபாஸ், துருக்கியிலும் லெபனானிலும் உள்ள மெஸே, ஜப்பானின் இசகாயா ஆகிய மூன்றிலும் சின்னத் தட்டு பெரும்பாலும் குடிக்குத் துணையாகவே வருகிறது. கையில் கோப்பை இருக்கும்வரை அடுத்த தட்டு தாமதித்தாலும் யாரும் கேட்பதில்லை. கடைக்கும் கோப்பையிலேயே நல்ல இலாபம் இருப்பதால் தட்டின் விலையை அடக்கி வைக்க முடிகிறது. தமிழ்நாட்டில் ஓட்டல்களில் மது பரிமாறுவதற்கு உரிய எஃப்.எல்.3 உரிமம் நட்சத்திரத் தகுதி பெற்ற ஓட்டல்களுக்கானது. தெருவில் தனியாக நடக்கும் இத்தகைய உணவகத்துக்கு அந்த வழி இல்லை. ஆகவே இங்கே எட்டு மணிக்கு வந்து உட்காருபவர் இரவுச் சாப்பாட்டுக்காக, பசியோடு, எலுமிச்சைச் சாறோடு உட்காருகிறார். சின்னச் சின்னப் பண்டங்களாக வரும் சீனத்துக் கான்டனீஸ் திம்சமில் மது இல்லையே என்று கேட்கலாம். அங்கே தேநீர்க் கெட்டில் மேசையை விட்டு நகர்வதில்லை. அதைப் பெரும்பாலும் காலையிலிருந்து மதியம்வரை சாப்பிடுகிறார்கள்.

சின்னப் பண்டம் நமக்குப் புதிதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மினி டிபனில் ஒரு இட்லி, ஒரு வடை, ஒரு கரண்டிப் பொங்கல், கொஞ்சம் கேசரி என்று எல்லாமே சிறிது சிறிதாகத்தான் வருகிறது. ஆனால் அது ஆளுக்கு ஒரு தட்டு. இலைச் சாப்பாட்டிலும் அவரவர் இலை அவரவருக்கு. போதவில்லை என்றால் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். நடுவில் வைத்த ஒரே தட்டிலிருந்து ஆறு கைகள் எடுக்க வேண்டும், கேட்டால் இன்னொரு தட்டுக்குக் காசு என்பதுதான் புதியது.

ஒரு சனிக்கிழமை இரவு

கூடத்தின் ஓரத்தில் நின்று கவனித்தவற்றுள் ஒரு மேசையை மட்டும் விரிவாகப் பதிவு செய்கிறேன். பிற பெரிய மேசைகளிலும் இதே காட்சி சிறு மாறுதல்களோடு நடந்தது.

பாட்டி, மகன், மருமகள், கல்லூரி வயதில் ஒரு பெண், பள்ளி வயதில் ஒரு பையன், உறவினர் ஒருவர் என ஆறு பேர். பாட்டியும் உறவினரும் சைவம். ஆர்டர் எடுக்கும் கேப்டன் வந்து இந்த உணவகத்தின் முறையைப் பற்றி மனப்பாடமாக ஒரு சிறு உரை நிகழ்த்தினார். மகன் அதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஆறு பேருக்கு எத்தனை தட்டு சொல்ல வேண்டும் என்று கேட்டார். ஆளுக்கு இரண்டு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள் சார் என்று பதில் வந்தது. பன்னிரண்டு தட்டுகள் ஒரே கே.ஓ.டி.யில் (ஆர்டர் சீட்டில்) சமையலறைக்குப் போயின.

முதலில் வந்தது கோலா உருண்டை, மூன்று. பையன் ஒன்றை எடுத்துக்கொண்டான். மருமகள் ஒன்றைக் கரண்டியால் பாதியாக்கிப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு மீதியைக் கணவர் பக்கம் தள்ளினார். அவர் “நீ சாப்பிடு” என்றார். மருமகள் “நீங்க எடுத்துக்கோங்க” என்றார். கடைசி உருண்டையை யாரும் தொடவில்லை. அதற்குள் கருணைக்கிழங்கு வந்தது. அதில் முதலில் போனது, சற்று முன் கோலா உருண்டையைக் கிள்ளிய அதே கரண்டி. பாட்டி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, “எனக்கு வேண்டாம்ப்பா, நீங்க சாப்பிடுங்க” என்றார். அந்த மேசையில் பரிமாறும் கரண்டி என்று தனியாக எதுவும் வைக்கப்படவில்லை. எச்சில் பார்ப்பவர், அதிலும் சைவம் சாப்பிடுபவர், பொதுத் தட்டிலிருந்து எடுப்பதற்கு அந்த முறை எந்த வழியும் விட்டு வைக்கவில்லை.

பத்துப் பன்னிரண்டு நிமிடங்களுக்குள் ஏழு தட்டுகள் வந்து குவிந்தன. மேசையில் தண்ணீர்த் தம்ளர் வைக்கவும் இடமில்லாமல் போனது. பிறகு அரை மணி நேரம் போல ஒன்றுமே வரவில்லை. பையன் சாப்பாடு எப்போது வரும் என்று இருமுறை கேட்டான். அவனைப் பொறுத்தவரை சோறோ தோசையோ வரும்வரை சாப்பாடு தொடங்கவில்லை. கடைசியாக மீன்குழம்புச் சோறு வந்தபோது பாட்டியும் உறவினரும் சாப்பிடத்தக்க பண்டம் எதுவும் மேசையில் பாக்கி இல்லை. பில்லில் 5 சதவீத ஜி.எஸ்.டி.யோடு சேவைக் கட்டணமும் இருந்தது. மகன் பேசாமல் கட்டிவிட்டுப் போனார். அளவு போதவில்லை என்று பிறகு எழுதினார்.

அந்த மேசையிலிருந்து கழுவப்போன தட்டுகளில் பலவற்றில் ஒவ்வொரு துண்டு மீந்திருந்தது. அளவு போதவில்லை என்று சொன்னவர்களின் மேசையிலிருந்து உணவு திரும்பிப் போகிறது என்றால், எடையைக் கூட்டுவது அதற்கு மருந்தாகாது. மூன்றை ஆறாகப் பிரிக்க முடியாததும், கடைசித் துண்டை எடுப்பதற்கு யாருக்கும் மனம் வராததும்தான் அங்கே நடந்தவை.

அதே இரவில் மேடையில் உட்கார்ந்த இருவருக்கு மூன்று உருண்டைகள் ஆளுக்கு ஒன்றரையாகப் பொருந்தின. நான்கு தட்டு சொன்னார்கள், ஒவ்வொன்றாக வந்தது, அடுப்பில் நடப்பதை வேடிக்கை பார்த்தபடியே சாப்பிட்டார்கள்.

சமையலறையின் பக்கம்

சமையலறையில் நான்கு இடங்கள்: எண்ணெய்ச் சட்டி, தோசைக்கல், கிரில், அடுப்பே தேவைப்படாத குளிர்மேசை. எண்ணெய்ச் சட்டியிலிருந்தும் குளிர்மேசையிலிருந்தும் ஒரு தட்டு சில நிமிடங்களில் வெளியேறிவிடும். கிரில்லுக்கு நேரம் பிடிக்கும். தோசைக்கல்லோ ஒன்றே ஒன்று. ஆப்பச்சட்டியும் சோற்றுப் பண்டங்களின் தாளிப்பும் அதே ஆளின் பொறுப்பு. தயாரானது தயாரானபடி போகும் என்ற விதியில், இருவர் மேசையின் நான்கு தட்டுகள் தாமாகவே இடைவெளி விட்டுப் போகின்றன. பன்னிரண்டு தட்டுகள் கொண்ட கே.ஓ.டி. வந்தால் எண்ணெய்ச் சட்டியும் குளிர்மேசையும் தங்கள் பங்கை ஒரே மூச்சில் தள்ளிவிட்டு ஓய்ந்துவிடுகின்றன. தோசைக்கல்லின் முன் வரிசை நிற்கிறது. விதி ஒன்றுதான், மேசைக்கு மேசை விளைவு தலைகீழ். பாஸில், அதாவது தட்டுகள் சமையலறையை விட்டு வெளியேறும் இடத்தில், நின்று அவற்றைப் பார்த்து அனுப்புபவருக்கு எந்த மேசையில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லும் தாள் எதுவும் கிடையாது. அவர் கண்ணுக்குத் தெரிவது தட்டு சூடாக இருக்கிறதா என்பது மட்டுமே.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

தட்டைப் பெரிதாக்கி விலையை ஏற்றும் யோசனையை முதலிலேயே விலக்கினோம். அப்படிச் செய்தால் மகிழ்ச்சியாக இருந்த இருவர் மேசைகள் நான்கு பண்டங்களுக்குப் பதிலாக இரண்டைத்தான் சுவைத்திருக்கும். கடைக்கு நல்ல பெயர் வந்ததே அந்த நான்கால்தான். குடும்பங்களுக்குத் தனியாக ‘தாலி’ (ஆளுக்கு ஒரு தட்டில் எல்லாம் சேர்ந்து வரும் முழுச் சாப்பாடு) போடலாம் என்ற யோசனையும் வந்தது. அடுப்பைப் பார்ப்பவர் அதற்கு இசையவில்லை. அவர் மறுத்ததில் நியாயம் இருந்தது. ஒரு தோசைக்கல்லோடு தாலியையும் தூக்கிச் சுமக்க அந்தச் சமையலறையால் முடியாது.

எண்ணிப் பிரிக்கக்கூடிய பண்டங்களையெல்லாம் துண்டுக் கணக்கில் விற்பது என்று முடிவானது. கோலா உருண்டை, வடை, ஆப்பம், பன் ஆகியவற்றுக்கு ஒரு துண்டின் விலையை மெனுவில் போட்டு, குறைந்தது இரண்டு என்று குறித்தோம். ஆறு பேர் வந்தால் ஆறு உருண்டை ஒரே தட்டில் போகும். கணக்கைப் பார்ப்பவருக்கு இதில் அச்சம் இருந்தது. துண்டின் விலை தனியாகத் தெரிந்தால் ஒரு உருண்டைக்கு இவ்வளவா என்று வாய்விட்டே கேட்பார்கள் என்றார். கேட்கட்டும், வாசலில் கேட்பது பில்லைப் பார்த்த பிறகு கேட்பதைவிட நல்லது என்பது என் நிலைப்பாடு.

அடுத்தது கே.ஓ.டி.யைப் பிரிப்பது. நான்கு பேருக்கு மேற்பட்ட மேசையின் ஆர்டரை எவ்வளவு நீளமாகச் சொன்னாலும் கேப்டன் முழுவதையும் எழுதிக்கொண்டு, இரண்டு அல்லது மூன்று சுற்றாகப் பிரித்துச் சமையலறைக்கு அனுப்ப வேண்டும். முதல் சுற்றில் தோசைக்கல் பண்டம் ஒன்றாவது இருக்க வேண்டும். சைவம் சாப்பிடுபவர் இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் சைவத் தட்டு ஒன்றாவது வர வேண்டும். பாஸில் மேசை எண்களோடு ஒரு பலகை மாட்டப்பட்டது. எந்த மேசையில் எத்தனையாவது சுற்று நடக்கிறது என்பதை, தட்டுகளை மேசைக்கு எடுத்துப் போகும் ரன்னர் அதில் குறிப்பார். சோறு எப்போது வேண்டும் என்று ஆர்டர் எடுக்கும்போதே கேட்டுவிடுவது இதோடு சேர்ந்தது. குழந்தைகளும் முதியவர்களும் உள்ள மேசைக்கு இரண்டாம் சுற்றிலேயே கொடுத்துவிடலாம்.

ஒவ்வொரு தட்டோடும் ஒரு பரிமாறும் கரண்டி என்பது செலவே இல்லாத மாற்றம். தட்டில் அழகுக்காகப் பிழியப்பட்ட துவையலின் தோற்றத்தை அது கெடுக்கிறது என்று சமையலறையில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது.

சேவைக் கட்டணம்தான் மிக நீண்ட பேச்சுக்கு இடமானது. உணவகங்கள் சேவைக் கட்டணத்தைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டுதல் வெளியிட்டது. அதை எதிர்த்து உணவகச் சங்கங்கள் தொடுத்த வழக்குகளை 2025 மார்ச் மாதத்தில் தில்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதற்குப் பிறகும் இந்த உணவகத்தின் பில்லில் அது இருந்ததற்குக் காரணம் அலட்சியம் மட்டும் அன்று. அந்தத் தொகை கூடத்தில் வேலை செய்பவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டு வந்தது, அவர்களும் அதை நம்பியே மாதக் கணக்குப் போட்டு வந்தார்கள். எடுத்துவிடச் சொல்வது எளிது. அந்தக் குறையை யார் சுமப்பது என்பதற்கு விடை வேண்டும். இறுதியில் கட்டணத்தை நீக்கி, பண்டங்களின் விலையைச் சிறிது உயர்த்தி, சம்பளத்தில் ஒரு நிலையான தொகையைச் சேர்ப்பது என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

கேப்டனின் உரையையும் கைவிடச் சொன்னேன். எத்தனை பேர், சைவம் யார், பசியோடு வந்திருக்கிறீர்களா என்ற மூன்று கேள்விகள் அதற்குப் பதிலாக வந்தன. மூன்றாவது கேள்வியைக் கேட்கச் சில கேப்டன்கள் கூச்சப்பட்டார்கள். நடுத்தர வயதுக்காரர் ஒருவர் மட்டும் “நல்ல பசியா மேடம், இல்ல லேசா ஏதாவது போதுமா?” என்று தன் போக்கில் மாற்றிக்கொண்டார். மற்றவர்களும் அதையே பழகிக்கொண்டார்கள்.

தொடர்ந்து நடந்தவை

பெரிய மேசைகளிலிருந்து வந்த அளவு பற்றிய புகார் முதல் சில வாரங்களிலேயே மெலிந்தது. துண்டுக் கணக்கு அதற்கு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். ஆறு பேர் மேசைக்கு ஆறு உருண்டை போகும்போது “நீ சாப்பிடு, நீங்க சாப்பிடுங்க” நின்றுபோகிறது. தட்டு காலியாகத் திரும்புகிறது. மொத்தப் பில் முன்பைவிடக் குறையவில்லை. பண்ட வகை குறைந்தது, எண்ணிக்கை கூடியது. சமையலறைக்கு இது சுலபமாகவும் இருந்தது. ஆறு உருண்டையை ஒரே ஈடாகப் பொரித்துவிடலாம்.

விலை பற்றிய கேள்வி கணக்கைப் பார்ப்பவர் எதிர்பார்த்தபடியே வந்தது. மெனுவைப் பார்த்து எழுந்து போனவர்களும் உண்டு. அவர்கள் போனதை நஷ்டமாக நான் எண்ணவில்லை. அந்த விலைக்கு அந்தப் பண்டம் தமக்கு வேண்டாம் என்று முடிவு செய்ய அவர்களுக்கு உரிமை உண்டு. முன்பு அதைச் சாப்பிட்டு முடித்த பிறகே முடிவு செய்ய வேண்டியிருந்தது. கணக்கைப் பார்ப்பவர் இதை இன்னும் முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை, குறிப்பாக செவ்வாய், புதன் இரவுகளில்.

சுற்றாகப் பிரிப்பது வாரநாட்களில் ஒழுங்காக நடந்தது. சனிக்கிழமைகளில் உடைந்தது. எட்டரை மணிக்கு எல்லாப் பெரிய மேசைகளும் ஒன்றாக நிரம்பும்போது, இரண்டாம் சுற்றை அனுப்புவதற்குக் கேப்டன் திரும்பி வருவதற்குள் மேசை காலியாகி, வந்தவர்கள் கையைத் தூக்கத் தொடங்கிவிடுகிறார்கள். தட்டுகள் குவிகின்றன என்ற பழைய குறைக்குப் பதிலாக, மறந்துவிட்டார்கள் என்ற புதிய குறை சில இரவுகளில் எழுந்தது. முதல் சுற்றின் கடைசித் தட்டு பாஸை விட்டுப் போகும்போதே அடுத்த சுற்றைத் தொடங்கும் பொறுப்பைக் கேப்டனிடமிருந்து எடுத்து, பாஸில் நிற்பவரிடம் கொடுத்த பிறகு இது ஓரளவு சரியானது.

எதிர்பாராத திசையிலிருந்தும் ஒரு குறை வந்தது. அடிக்கடி வரும் இருவர் மேசைக்காரர்கள் சிலருக்கு மூன்று கேள்விகள் பிடிக்கவில்லை. தங்களுக்குத் தெரிந்த கடையில் புதியவர்போல விசாரிக்கப்படுவதாக உணர்ந்தார்கள். மேடையில் உட்காருபவர்களிடம் கேள்விகளை விட்டுவிடுவது என்று பிறகு தளர்த்தப்பட்டது.

சேவைக் கட்டணம் நீங்கியதை வாடிக்கையாளர்கள் யாரும் பாராட்டி எழுதவில்லை. அதைப் பற்றிய வசவு மட்டும் நின்றது. கூடத்து ஊழியர்களில் ஒருவர் சம்பளக் கணக்கு தனக்குக் கட்டுப்படியாகவில்லை என்று விலகினார். பரபரப்பான மாதங்களில் கட்டணத்தின் பங்கு நிலையான தொகையைவிடக் கூடுதலாக வந்திருக்கும் என்ற அவருடைய வாதம் தவறானதன்று.

இனி மாற வேண்டியவை

இதே நிலையில் உள்ள வேறு கடைக்குச் சொல்வதானால், மெனுவைத் தொடும் முன் மேசைகளின் அளவையும் அடுப்புகளின் எண்ணிக்கையையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்கச் சொல்வேன். இந்த உணவகத்தில் உள்ளறையின் பெரிய மேசைகள், வீட்டின் அமைப்பு தந்த இடத்தை நிரப்புவதற்காகப் போடப்பட்டவை. அவற்றுக்குச் சமைக்கும் திறன் அடுப்படியில் இருக்கிறதா என்று அப்போது யாரும் பார்க்கவில்லை. துண்டுக் கணக்கும் பரிமாறும் கரண்டியும் முதல் வாரத்திலேயே செய்யத்தக்கவை. சேவைக் கட்டணத்தை நீக்குவதை, ஊழியர்களோடு பேசி அவர்களின் கடந்த மாதங்களின் வரவைக் கணக்கிட்ட பிறகே அறிவிக்க வேண்டும்.

ஒரே மேசையில் சைவமும் அசைவமும் கலந்து வருபவர்களுக்குப் பில் இன்னும் சமமாகப் படுவதில்லை. பாட்டி மூன்று பண்டம் சாப்பிட்டாலும் பங்கு ஆறில் ஒன்றுதான். குடும்பங்கள் இதைப் பொருட்படுத்துவதில்லை. அலுவலக நண்பர்கள் ஆளுக்குச் சமமாகப் பிரிக்கும்போது இது வெளிப்படையாக உறுத்துகிறது. துண்டுக் கணக்கு இருப்பதால் ஆள்வாரியாகப் பில் பிரித்துத் தர இயலும். அதற்கேற்ப பில்லிங் மென்பொருளை மாற்றும் பேச்சு நடக்கிறது.

இரண்டாவது தோசைக்கல்லுக்கு இடம் பார்த்திருக்கிறார்கள். புகைபோக்கியை நகர்த்த வீட்டு உரிமையாளரின் ஒப்புதல் வேண்டும். அது கிடைக்கும்வரை சனிக்கிழமைகளில் பெரிய மேசைகளை ஏழு மணிக்கும் ஒன்பதேகால் மணிக்கும் மட்டும் முன்பதிவுக்குத் திறப்பது, எட்டரை மணிக்கு இருவர் மேசைகளை மட்டும் நிரப்புவது என்று ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.